சிமுலேஷன் முடிந்த பிறகு வரும் க்ராஷ்: மெமரி லீக்கையும் சேர்த்துப் பிடிப்பது எப்படி?

சிமுலேஷன் ஓடி முடிந்துவிட்டது. முடிவுகளும் கோப்பில் வந்துவிட்டன. ஆனால் டெர்மினலின் கடைசி வரியில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று நிற்கிறது: தொடக் கூடாத மெமரியைத் தொட்டதால் நிரல் விழுந்திருக்கிறது. ‘அதான் ரிசல்ட் வந்துவிட்டதே, மூடும்போது விழுந்தால் என்ன போச்சு’ என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அப்படி விடக் கூடாது. க்ராஷ் ஆகி முடிந்த நிரலின் எக்ஸிட் கோடு (முடியும்போது நிரல் திருப்பும் எண்; 0 என்றால் வெற்றி) 0 ஆக இருக்காது. வரிசையாகப் பல ஓட்டங்களை விடும் ஸ்கிரிப்ட் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடும். பஃபரில் தங்கியிருந்த கடைசிச் சில வரிகள் டிஸ்க்குக்குப் போகாமலே தொலையலாம். எச்டிஎஃப்5 (பெரிய தரவுகளைச் சேமிக்கும் கோப்பு வடிவம்) போன்ற கோப்பு சரியாக மூடப்படாமல், பிறகு திறக்க முடியாமல் போகலாம். எல்லாவற்றையும்விட முக்கியம்: மூடும்போது விழுகிற நிரலில், ஓடும்போதும் அதே கோளாறு இருக்க வாய்ப்புண்டு. அப்போது அது சத்தமே இல்லாமல் உங்கள் எண்களைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

மெமரி லீக்கும் எக்ஸிட் க்ராஷும் பார்ப்பதற்கு வேறு வேறு பிரச்சினைகள். லீக்கில், விடுவிக்க வேண்டியதை யாரும் விடுவிக்கவில்லை. க்ராஷில், ஒரே பொருளை இரண்டு பேர் விடுவித்திருப்பார்கள், அல்லது ஒருவர் அவசரப்பட்டு முன்பே விடுவித்திருப்பார். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இந்த ஆப்ஜெக்ட் யாருக்குச் சொந்தம், யார் முதலில் போக வேண்டும்? இதற்குப் பதில் தெரியாமல், லீக்கை அடைக்க ஒரு டிலீட் (மெமரியை விடுவிக்கும் கட்டளை) சேர்த்தால் க்ராஷ் வரும். க்ராஷை நிறுத்த அதே டிலீட்டை எடுத்தால் லீக் திரும்பி வரும். ஒரு ப்ராஜெக்ட்டுக்குள் புதிதாக நுழைகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஊஞ்சலில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இங்கே சொல்பவை லினக்ஸில் ஓடும் சி++ சிமுலேட்டர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. என்எஸ்-3 (கணினி வலையமைப்பு), ஜியான்ட்4 (துகள் இயற்பியல்), ஓப்பன்ஃபோம் (பாய்ம இயக்கம்), லாம்ப்ஸ் (மூலக்கூறு இயக்கம்), கஸீபோ (ரோபோ) எல்லாம் அந்த வகையில் வரும்.

முதலில் சின்னதாக்குங்கள்

எட்டு மணி நேரம் ஓடுகிற சிமுலேஷனை வைத்துக்கொண்டு பிழை தேட முடியாது. அதே கோளாறு தெரிகிற மிகச் சிறிய வடிவத்துக்கு இறக்குங்கள். ஆயிரம் முனைகள் இருந்தால் இரண்டாக்குங்கள். லட்சம் துகள்கள் இருந்தால் பத்தாக்குங்கள். நேரப் படிகளையும் அதேபோல் குறையுங்கள். ரேண்டம் சீடை (தற்செயல் எண்கள் தொடங்கும் எண்) ஒரே எண்ணில் நிறுத்துங்கள். த்ரெட் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இழை) எண்ணிக்கையை 1 ஆக வையுங்கள். அப்போது க்ராஷ் மறைந்துவிட்டால் அதுவே ஒரு தடயம். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் கோளாறு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் பாதி நேரம் இந்தக் கட்டத்திலேயே குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

எக்ஸிட் க்ராஷில் ஒரு வசதி உண்டு: சிமுலேஷன் ஓட வேண்டிய அவசியமே பல நேரம் இருக்காது. படிகளின் எண்ணிக்கையை 0 என்று கொடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் உருவாக்கி, எதையும் ஓட்டாமல், உடனே மூடும்போதும் விழுகிறது என்றால் கணக்குப் போடும் பகுதி முழுவதையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

அப்புறம், தனியாக ஒரு டீபக் பில்ட் வேண்டும். வழக்கமான பில்ட் ஃபோல்டரைக் கலைக்காமல் பக்கத்திலேயே இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள். கம்பைலருக்கு ‘-ஜி’ கொடியும், ஆப்டிமைசேஷனுக்கு ‘-ஓ1’ அல்லது ‘-ஓ0’வும் போதும். சிமேக் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்தும் ப்ராஜெக்ட் என்றால் பில்ட் டைப்பை டீபக் என்று வைத்தால் முடிந்தது. இது இல்லாமல் ஓட்டினால் அறிக்கையில் கோப்புப் பெயரும் வரி எண்ணும் வராது. வெறும் முகவரிகளை வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான்.

எப்படி விழுந்தது?

நிரல் முடிந்த கையோடு ஷெல்லில் எக்ஸிட் கோடைப் பாருங்கள். எக்கோ கட்டளையில் டாலர் குறியும் கேள்விக்குறியும் சேர்த்துக் கொடுத்தால் வரும். சிக்னலால் செத்த நிரலுக்கு, 128உடன் சிக்னல் எண்ணைக் கூட்டிய எண் கிடைக்கும். 139 என்றால் சிக்னல் 11, அதாவது தொடக் கூடாத முகவரியைத் தொட்டது. 134 என்றால் சிக்னல் 6. நிரலோ லைப்ரரியோ தானே ‘அபார்ட்’ செய்துகொண்டது. 137 என்றால் சிக்னல் 9; மெமரி தீர்ந்துபோய் கெர்னல் கொன்றிருக்கலாம். அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது க்ராஷை அல்ல, லீக்கை.

134 வரும்போது கூடவே ஒரு வாக்கியமும் வரும்; அதை வாசிக்காமல் தாண்டாதீர்கள். ‘டபுள் ஃப்ரீ டிடெக்டட்’ என்று ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) சொன்னால், ஒரே மெமரியை இரண்டு முறை விடுவித்திருக்கிறீர்கள். ‘ஃப்ரீ: இன்வேலிட் பாயிண்டர்’ என்றால், ஹீப்பில் (நிரல் கேட்டு வாங்கும் மெமரி) எடுக்காத ஒன்றை விடுவிக்கப் பார்த்திருக்கிறீர்கள், ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் லோக்கல் மாறிகள் இருக்கும் மெமரி) இருக்கும் ஆப்ஜெக்ட்டின் முகவரியை யாரோ சொந்தம் கொண்டாடியிருப்பார்கள். ‘ப்யூர் வர்ச்சுவல் மெத்தட் கால்ட்’ என்றால், பாதி அழிந்துவிட்ட ஆப்ஜெக்ட்டை யாரோ இன்னும் கூப்பிடுகிறார்கள். ‘டெர்மினேட் கால்ட் வித்அவுட் அன் ஆக்டிவ் எக்செப்ஷன்’ என்று வந்தால் முதலில் த்ரெட்களைப் பாருங்கள். ஜாயின் செய்யாத (முடியும்வரை காத்திருக்காத) ஒரு த்ரெட் ஆப்ஜெக்ட்டின் டெஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) ஓடினால் சி++ நிரலை அங்கேயே முடித்துவிடும். அந்த வாக்கியத்தைப் பார்த்துவிட்டு எக்செப்ஷன் எங்கே என்று தேடிப் போகிறவர்கள் உண்டு. பெயரிலேயே எக்செப்ஷன் இல்லை என்று சொல்லியிருந்தும்!

எந்தக் கருவி?

மெமரித் தவறுகளைக் காட்டும் இரண்டு கருவிகள் தெரிந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்: அட்ரஸ் சானிடைசர், வால்கிரைண்ட். இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்து ஓட்ட முடியாது.

அட்ரஸ் சானிடைசருக்குச் சுருக்கமாக ஏசான் என்று பெயர். ஜிசிசி, கிளாங் இரண்டிலும் இருக்கிறது. கம்பைல் செய்யும்போதும் லிங்க் செய்யும்போதும் ‘-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்’ என்ற கொடியைச் சேர்க்க வேண்டும். நிரல் சுமார் இரண்டு மடங்கு மெதுவாக ஓடும், அவ்வளவுதான். லினக்ஸில் லீக் சானிடைசரும் இதோடு சேர்ந்தே வரும். நிரல் முடியும்போது லீக் பட்டியலைக் கொடுத்துவிடும். வால்கிரைண்டின் மெம்செக்குக்கு (அதிலுள்ள மெமரிச் சோதனைக் கருவி) மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை, ‘-ஜி’ மட்டும் இருந்தால் போதும். ஆனால் இருபது முப்பது மடங்கு மெதுவாக ஓடும் என்று அதன் கையேடே சொல்கிறது. த்ரெட்கள் எத்தனை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஓடவிடும்.

என் சிபாரிசு: மறுபடி பில்ட் செய்ய முடிந்தால் ஏசானிலிருந்து தொடங்குங்கள். முடியாதபோதும், துவக்கப்படாத மாறியைப் படிப்பது சந்தேகமாக இருந்தாலும் வால்கிரைண்டுக்குப் போங்கள். ஏசான் அந்தத் தவறைக் காட்டாது. வால்கிரைண்டில் எண்கள் கொஞ்சம் மாறி வந்தால் உடனே பதறாதீர்கள். 80 பிட் லாங் டபுளை அது உள்ளே 64 பிட்டாகத்தான் கையாள்கிறது. லாங் டபுள் பயன்படுத்தும் சிமுலேட்டரில் கடைசி இலக்கங்கள் அதனால் மாறலாம்.

வால்கிரைண்டை ஓட்டும்போது லீக்-செக் தெரிவை ‘ஃபுல்’ என்று கொடுங்கள். நம்-காலர்ஸ் தெரிவை 30, 40 என்று உயர்த்திக்கொள்ளுங்கள். இயல்பாக ஃபங்ஷன் அழைப்பு வரிசையில் 12 அடுக்குகள்தான் காட்டும். டெம்ப்ளேட் நிறைந்த சிமுலேட்டர் கோடில் அந்த 12உம் ஸ்டாண்டர்டு லைப்ரரிக்குள்ளேயே தீர்ந்துபோய், உங்கள் ஃபங்ஷன் பெயர் வரவே வராது.

லீக்கும் க்ராஷும் இரண்டும் இருந்தால் க்ராஷை முதலில் சரிசெய்யுங்கள். லீக் சானிடைசர் தன் கணக்கை நிரல் ஒழுங்காக முடியும்போதுதான் எடுக்கும். நடுவில் விழுந்தால் பட்டியலே வராது. வால்கிரைண்ட் க்ராஷுக்குப் பிறகும் ஒரு பட்டியல் தரும். ஆனால் ஓடியிருக்க வேண்டிய டெஸ்ட்ரக்டர்கள் ஓடாததால் அதில் பாதி பொய்ப் புகார்.

அறிக்கையைப் படிப்பது

முதல் முறை வால்கிரைண்ட் அறிக்கையைப் பார்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கான வரிகளைக் கண்டு மிரண்டுபோவார்கள். அத்தனையையும் படிக்க வேண்டாம். மெமரியைத் தவறாகத் தொட்டதாக வரும் பிழைகளில் முதலாவதை மட்டும் பாருங்கள். பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே.

ஏசான் ‘ஹீப் யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ’ என்று சொல்லும்போது மூன்று ஸ்டாக்குகளை (ஃபங்ஷன் அழைப்பு வரிசைகளை) காட்டும். இப்போது தொட்டவர் யார், முன்பே விடுவித்தவர் யார், முதலில் உருவாக்கியவர் யார். எல்லோரும் முதல் ஸ்டாக்கையே உற்றுப் பார்ப்பார்கள். கதை இருப்பது இரண்டாவதில். விடுவித்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தது என்றால் தொட்டவர் தாமதமாக வந்திருக்கிறார். இல்லை என்றால் விடுவித்தவர் மேல்தான் தப்பு.

லீக் பட்டியலில் வால்கிரைண்ட் நான்கு வகை சொல்லும். ‘டெஃபினிட்லி லாஸ்ட்’ என்றால் அந்த மெமரியைக் காட்டும் பாயிண்டர் எங்கேயுமே இல்லை; உண்மையான லீக். ‘இன்டைரக்ட்லி லாஸ்ட்’ என்பது அப்படித் தொலைந்த ஒன்றின் வழியாகத் தொலைந்தது. மரத்தின் வேர் தொலைந்தால் கிளைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வேரைச் சரிசெய்தால் கிளைகள் தாமாகவே பட்டியலிலிருந்து போய்விடும், ஆகவே இவற்றைத் தனியாகத் துரத்தாதீர்கள். ‘பாஸிப்ளி லாஸ்ட்’ என்பது தொகுதியின் நடுவைக் காட்டும் பாயிண்டர் மட்டும் மிஞ்சியிருப்பது. ‘ஸ்டில் ரீச்சபிள்’ என்பது கடைசி வரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் விடுவிக்கப்படாதது.

இதில் எது உங்கள் வேலை, எது வெறும் இரைச்சல்? இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஒரே சிமுலேஷனை இரண்டு நீளங்களில் ஓட்டுங்கள்; 1,000 படிகள் ஒரு முறை, 2,000 படிகள் ஒரு முறை. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு ஸ்டாக்கில் முதல் ஓட்டத்தில் 48,000 பைட்டுகள் 1,000 தொகுதிகளாகத் தொலைந்து, அடுத்த ஓட்டத்தில் 96,000 பைட்டுகள் 2,000 தொகுதிகளாக ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் 48 பைட்டு ஆப்ஜெக்ட் ஒன்று தொலைகிறது. நேரே போய் அப்டேட் லூப்பைப் பாருங்கள். இரண்டு ஓட்டத்திலும் அதே 72 பைட்டுகள், ஒரே தொகுதி என்று இருந்தால் அது தொடக்கத்தில் ஒரு முறை எடுத்தது, யாரையும் கொல்லாது. படிகளோடு வளராமல் முனைகளின் எண்ணிக்கையோடு வளர்கிறது என்றால் முனையின் கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷன்) எடுத்ததை டெஸ்ட்ரக்டர் திருப்பவில்லை. இப்படி எதோடு வளர்கிறது என்று தெரிந்தாலே, கோடைத் திறக்கும் முன்பே எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

உங்களுடையதல்லாத லைப்ரரிகள் தரும் இரைச்சலுக்கு சப்ரஷன் கோப்பு (எந்தப் புகார்களை மறைக்க வேண்டும் என்ற பட்டியல்) உண்டு. ஓப்பன் எம்பிஐ (பல ப்ராசஸ்கள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் எம்பிஐ லைப்ரரிகளில் ஒன்று) இதற்கென்றே ஒரு கோப்பைத் தன்னோடு சேர்த்துத் தருகிறது. நீங்களே எழுதுவதானால் ஜென்-சப்ரஷன்ஸ் தெரிவை இயக்கினால் வால்கிரைண்டே வரிகளைத் தயாரித்துக் கொடுக்கும். அவற்றை அப்படியே ஒட்டாமல், கொஞ்சம் குறிப்பாக வையுங்கள். ‘மாலாக் (மெமரி கேட்கும் ஃபங்ஷன்) வழியாக வரும் எல்லாம்’ என்று பரந்த விதி எழுதினால் நாளைக்கு வரும் உண்மையான லீக்கும் அதில் மறைந்துவிடும்.

லீக் இல்லை, ஆனாலும் மெமரி ஏறுகிறது

அறிக்கை சுத்தமாக இருக்கிறது. டாப் கட்டளையில் மெமரி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சிமுலேட்டர்களில் இது சகஜம். யாரோ எதையோ பத்திரமாகச் சேர்த்துவைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கடைசியில் டெஸ்ட்ரக்டர் எல்லாவற்றையும் ஒழுங்காக விடுவித்துவிடுவதால் லீக் கருவிக்குப் புகார் இல்லை. நிகழ்வு வரிசையில் ரத்து செய்யப்பட்ட நிகழ்வுகள் தங்கள் நேரம் வரும்வரை உட்கார்ந்திருப்பது, ஒவ்வொரு படியின் நிலையையும் வெக்டரில் சேர்த்துவைக்கும் வரலாறு, பெறப்பட்ட பாக்கெட் எண்களை மறக்காமல் வைத்திருக்கும் மேப், இவைதான் வழக்கமான ஆட்கள். வெக்டரை ‘கிளியர்’ செய்துவிட்டோமே என்று நினைக்காதீர்கள். அது உறுப்புகளை அழிக்கும், பிடித்துவைத்த இடத்தைத் திருப்பித் தராது.

இதற்கு வால்கிரைண்டின் மாசிஃப் அல்லது கேடிஇ சமூகத்தின் ஹீப்ட்ராக் பொருத்தம். எந்த நேரத்தில் எந்த ஃபங்ஷன் எவ்வளவு மெமரியைப் பிடித்திருந்தது என்று காட்டும். எனக்கு ஹீப்ட்ராக்கின் வரைபடங்கள் பிடிக்கும். மாசிஃபைவிட வேகமாகவும் ஓடும்.

அதிலும் ஒன்றும் சிக்கவில்லை, நிரலில் த்ரெட்கள் நிறைய என்றால் ஜிலிப்சியின் அரினாக்களை (த்ரெட்களுக்கு மெமரி பிரித்துக் கொடுக்கும் தனித்தனிக் குளங்கள்) சந்தேகியுங்கள். 64 பிட் கணினியில் ஒரு கோருக்கு 8 அரினாக்கள் வரை அது உருவாக்கும். மாலாக்_அரினா_மேக்ஸ் என்ற சூழல் மாறியை 1 அல்லது 2 என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். ஏற்றம் நின்றுவிட்டால் அது லீக் இல்லை.

மூடும் நேரத்தில் நடப்பவை

இனி க்ராஷ். மெயின் ஃபங்ஷன் முடிந்த பிறகும் நிரலுக்குள் நிறைய வேலை நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. மெயினில் உள்ள லோக்கல் ஆப்ஜெக்ட்கள் முதலில் போகும். பிறகு ஸ்டாட்டிக், குளோபல் ஆப்ஜெக்ட்கள், உருவான வரிசைக்குத் தலைகீழாக. நிரல் முடியும்போது ஓட வேண்டும் என்று அட்-எக்ஸிட்டில் பதிவு செய்த ஃபங்ஷன்களும் இதே வரிசையில் கலந்து ஓடும். நடுவில் எங்கேயாவது எக்ஸிட் ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிட்டால் மெயினின் லோக்கல் ஆப்ஜெக்ட்களுக்கு டெஸ்ட்ரக்டர் ஓடவே ஓடாது. அவை வைத்திருந்தவையும் விடுவிக்கப்படாமல் அறிக்கையில் வந்து நிற்கும்.

ஜிடிபி என்ற டீபக்கரில் நிரலை ஓட்டி, விழுந்ததும் பேக்ட்ரேஸ் (அந்த நேரத்து அழைப்பு வரிசை) எடுங்கள். அடியிலிருந்து மேலாகப் படியுங்கள். அடியில் மெயின் இருந்தால் லோக்கல் ஆப்ஜெக்ட் ஒன்றின் டெஸ்ட்ரக்டரில் விழுந்திருக்கிறது. மெயின் இல்லாமல் ‘ரன் எக்ஸிட் ஹேண்ட்லர்ஸ்’ என்ற பெயர் தெரிந்தால் அது ஸ்டாட்டிக் அழிப்பு. ‘டிஎல் ஃபினி’ தெரிந்தால் லைப்ரரிகளை மூடும் கட்டம். த்ரெட்கள் உள்ள நிரலில் எல்லா த்ரெட்களுக்கும் பேக்ட்ரேஸ் எடுங்கள். முதன்மை த்ரெட் எல்லாவற்றையும் அழித்துக்கொண்டிருக்க, பின்னணியில் ஒன்று இன்னும் அப்பாவியாக வேலை செய்துகொண்டிருக்கும்.

ஒரு வழக்கமான உதாரணத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ‘உலகம்’ என்று ஒரு கிளாஸ். அதற்குள் முதலில் ‘முனைகள்’ என்ற வெக்டர், அதற்கு அடுத்த வரியில் ‘அட்டவணையாளர்’ என்ற யூனிக் பாயிண்டர் (தான் அழியும்போது ஆப்ஜெக்ட்டையும் விடுவிக்கும் ஸ்மார்ட் பாயிண்டர்). ஒவ்வொரு முனையும் அட்டவணையாளருக்கு ஒரு வெறும் பாயிண்டர் வைத்திருக்கிறது. தன் டெஸ்ட்ரக்டரில், நிலுவையில் உள்ள டைமரை ரத்து செய்யச் சொல்லி அதைக் கூப்பிடுகிறது. பார்க்க எல்லாம் ஒழுங்கு: ஸ்மார்ட் பாயிண்டர் இருக்கிறது, டிலீட் எங்குமே இல்லை. ஆனாலும் மூடும்போது விழும். கிளாஸின் உறுப்புகள் அறிவித்த வரிசைக்குத் தலைகீழாக அழிகின்றன. கடைசியாக அறிவித்த அட்டவணையாளர் முதலில் போய்விடுகிறார். பிறகு அழியும் ஒவ்வொரு முனையும் செத்தவரைக் கூப்பிடுகிறது. தீர்வு, அந்த இரண்டு வரிகளை இடம் மாற்றுவது. புதிதாக ஒரு வரியும் எழுத வேண்டாம். இன்னும் மோசமான செய்தி என்னவென்றால், ஏசான் இல்லாமல் ஓட்டினால் இது சில கணினிகளில் விழவே விழாது. விடுவித்த மெமரி இன்னும் மேலெழுதப்படாமல் அப்படியே இருக்கும், ரத்து செய்ததுபோலத் தோன்றும். ‘என் கணினியில் நன்றாக ஓடுகிறதே’ என்ற பதிலை நம்பி ஒரு பிழைப் புகாரை மூடக் கூடாது.

ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட்களில் இதன் அண்ணன் இருக்கிறார். வேறு வேறு கோப்புகளில் உள்ள குளோபல்கள் எந்த வரிசையில் உருவாகும் என்று சி++ உறுதி சொல்வதில்லை. ஆகவே அழியும் வரிசைக்கும் உறுதி இல்லை. லாகர் (பதிவுக் குறிப்புகளை எழுதும் ஆப்ஜெக்ட்) ஒரு கோப்பில், அதை டெஸ்ட்ரக்டரில் பயன்படுத்தும் மேலாளர் இன்னொரு கோப்பில் இருந்தால், கம்பைலரோ லிங்க் வரிசையோ மாறும் அன்றைக்குத் திடீரென்று விழும். லாகரை ஒரு ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக்காக வைத்து, மேலாளரின் கன்ஸ்ட்ரக்டரிலேயே அந்த ஃபங்ஷனை ஒரு முறை கூப்பிட்டுவிடுங்கள். லாகர் முதலில் உருவாகி முடிந்துவிடும், ஆகவே பிறகுதான் அழியும்.

ஜியான்ட்4இல் புதியவர்கள் செய்வது வேறு. டிடெக்டர் கன்ஸ்ட்ரக்ஷன், ஃபிசிக்ஸ் லிஸ்ட், யூசர் ஆக்ஷன்கள் எல்லாவற்றையும் ‘நியூ’ போட்டு உருவாக்கி ரன் மேனேஜரிடம் கொடுப்பார்கள். நியூ போட்டால் டிலீட் போட வேண்டுமே என்று கடைசியில் எல்லாவற்றையும் டிலீட்டும் செய்வார்கள். கொடுத்த கணத்திலேயே அவை ரன் மேனேஜருக்குச் சொந்தமாகிவிட்டன. அழிக்க வேண்டாம் என்று அதன் எடுத்துக்காட்டு நிரல்களின் மெயின் ஃபங்ஷனிலேயே குறிப்பு இருக்கிறது. வடிவங்களும் வால்யூம்களும் அப்படித்தான். அவை உருவாகும்போதே தங்கள் ஸ்டோரில் பதிவாகிவிடும், அழிக்கும் பொறுப்பும் அங்கேதான். நீங்கள் அழிக்க வேண்டியது ரன் மேனேஜரையும் விஷுவலைசேஷன் மேனேஜரையும், அதிலும் விஷுவலைசேஷனை முதலில்.

என்எஸ்-3 நேர் எதிர். அங்கே ரெஃபரன்ஸ் எண்ணிக்கை வைக்கும் (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணி, பூஜ்யமானால் விடுவிக்கும்) ஸ்மார்ட் பாயிண்டர் எங்கும் நிறைந்திருக்கிறது. முனை சாதனத்தைப் பிடித்திருக்கும், சாதனம் முனையைப் பிடித்திருக்கும். எண்ணிக்கை இருவருக்கும் பூஜ்யமாகாது. இந்த வட்டத்தை உடைக்கத்தான் டூடிஸ்போஸ் என்ற மெத்தட். ஸ்கிரிப்ட்டின் கடைசியில் சிமுலேட்டரின் டெஸ்ட்ராய் கூப்பிடப்படும்போது முனைப் பட்டியல் வழியாக அது ஒவ்வொன்றாக ஓடும். நீங்கள் புதிய மாடல் எழுதினால் டூடிஸ்போஸில் பிடித்திருக்கும் பாயிண்டர்களை நல் ஆக்குங்கள், நிலுவை நிகழ்வுகளை ரத்து செய்யுங்கள், கடைசியில் தாய் கிளாஸின் டூடிஸ்போஸைக் கூப்பிட மறக்காதீர்கள். அந்தக் கடைசி வரி விட்டுப்போனால், தாய் கிளாஸ் பிடித்திருப்பவை எல்லாம் லீக் பட்டியலில் வரும். பழியோ உங்கள் கோடில் இல்லாத எங்கேயோ விழும். ஸ்டாண்டர்டு லைப்ரரியின் ஷேர்டு பாயிண்டரிலும் இதே வட்டம் வரும். அங்கே ஒரு பக்கத்தை வீக் பாயிண்டர் ஆக்கினால் போதும்.

எம்பிஐ பயன்படுத்தும் நிரல்களில் ஃபைனலைஸுக்கு (எம்பிஐயை மூடும் அழைப்பு) பிறகு கம்யூனிகேட்டரை (செய்தி பரிமாறும் ப்ராசஸ்களின் குழு) விடுவிக்கும் டெஸ்ட்ரக்டர்கள் நிரந்தரத் தொல்லை. மெயினில் சிமுலேஷன் ஆப்ஜெக்ட் லோக்கலாக இருக்கும், அடுத்து ஃபைனலைஸ் அழைப்பு, அப்புறம் ரிட்டர்ன். டெஸ்ட்ரக்டர் ஓடுவது ரிட்டர்னுக்குப் பிறகு. சிமுலேஷன் பகுதியை மட்டும் ஓர் அடைப்புக்குள் போட்டு, அது மூடிய பிறகு ஃபைனலைஸைக் கூப்பிடுங்கள். ஜிபியு மெமரியை ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட் விடுவிக்கும்போது டிரைவர் ஏற்கெனவே மூடியிருப்பதும் இதே கதைதான். பெட்ஸ்க் (பெரிய சமன்பாடுகளைத் தீர்க்கும் லைப்ரரி) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சலுகை: ‘மாலாக்_டம்ப்’ தெரிவைக் கொடுத்தால், விடுவிக்காத மெமரியை அதன் ஃபைனலைஸ் தானே பட்டியலிடும்.

பிளக்இன்களில் கதை கொஞ்சம் விசித்திரம். லைப்ரரியை இறக்கிவிட்ட பிறகு, அதில் பிறந்த ஆப்ஜெக்ட் இன்னும் உயிரோடு இருந்தால் அதன் டெஸ்ட்ரக்டர் கோடே மெமரியில் இருக்காது. பேக்ட்ரேஸில் பெயரில்லாமல் வெறும் கேள்விக்குறிகள் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். வால்கிரைண்டில் கீப்-டீபக்இன்ஃபோ தெரிவை இயக்கினால் இறக்கப்பட்ட லைப்ரரியின் பெயர்களும் தெரியும். முதலில் ஆப்ஜெக்ட், அப்புறம் லைப்ரரி என்ற வரிசையை உறுதிசெய்வதே தீர்வு.

பைத்தான் வழியாக சிமுலேட்டரை ஓட்டுகிறவர்கள் பைபைண்ட்11 (சி++ கோடைப் பைத்தானோடு இணைக்கும் லைப்ரரி) தரும் ரிட்டர்ன் வேல்யூ பாலிசியைப் பாருங்கள். சி++ ஃபங்ஷன் வெறும் பாயிண்டரைத் திருப்பினால், வேறு எதுவும் சொல்லாதவரை பைத்தான் அதைத் தன் சொத்தாக எடுத்துக்கொள்ளும். சி++ பக்கமும் அதை அழித்தால் டபுள் ஃப்ரீ. ‘ரெஃபரன்ஸ்’ அல்லது ‘ரெஃபரன்ஸ் இன்டர்னல்’ என்று குறிப்பிட வேண்டும். வால்கிரைண்டில் பைத்தானை ஓட்டும்போது பைத்தான்மாலாக் சூழல் மாறியை ‘மாலாக்’ என்று வையுங்கள், இல்லாவிட்டால் பைத்தானின் சொந்த மெமரி மேலாண்மை அறிக்கையைக் குழப்பிவிடும்.

எப்போது நுழைந்தது?

பழைய வெளியீட்டில் ஒழுங்காக மூடியது, புதியதில் விழுகிறது என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் கிட் பைசெக்ட் (கமிட்களைப் பாதி பாதியாகப் பிரித்து, பிழை நுழைந்த கமிட்டைத் தேடும் கட்டளை) போடுங்கள். ஆயிரம் கமிட்கள் இருந்தாலும் சுமார் பத்துச் சோதனைகளில் முடிந்துவிடும். ‘ரன்’ சேர்த்தால் தானாகவே ஓடும். இங்கே ஒரு பொறி: உங்கள் ஸ்கிரிப்ட் 127க்கு மேற்பட்ட எக்ஸிட் கோடைத் திருப்பினால் பைசெக்ட் மொத்தமாக நின்றுவிடும். க்ராஷின் 139 அப்படியே வெளியே போனால் முதல் கெட்ட கமிட்டிலேயே தேடல் அறுந்துவிடும். ஸ்கிரிப்ட்டில் அதை 1 ஆக மாற்றித் திருப்புங்கள். பில்ட் ஆகாத கமிட்டுக்கு 125 திருப்பினால் அதைத் தாண்டிச் செல்லும்.

எப்போதாவது மட்டும் வரும் க்ராஷ் என்றால் ஆர்ஆர் கருவி உதவும். வந்த ஓட்டத்தைப் பதிவு செய்துகொண்டு, கெட்டுப்போன முகவரியில் வாட்ச்பாயிண்ட் வைத்து, பின்னோக்கி ஓட்டினால் அதைக் கெடுத்த வரியில் போய் நிற்கும்.

சரிசெய்து அனுப்பும்போது

சில ‘தீர்வுகள்’ தீர்வுகளே அல்ல. மெயினின் கடைசியில் அண்டர்ஸ்கோர் எக்ஸிட் போட்டு டெஸ்ட்ரக்டர்களையே தாண்டுவது, க்ராஷ் ஆகும் டிலீட்டைக் கமெண்ட் செய்வது, டெஸ்ட்ரக்டரில் நல் சோதனைகளை அடுக்குவது. கடைசியானது முக்கியமாக வேலைக்கு ஆகாது. விடுவிக்கப்பட்ட பாயிண்டர் தானாக நல் ஆகாது. ஆனால் நிரல் முடியும்வரை வாழ வேண்டிய ஒரே ஒரு சிங்கிள்டனை (நிரல் முழுவதற்கும் ஒன்றே ஒன்றாக இருக்கும் ஆப்ஜெக்ட்) வேண்டுமென்றே விடுவிக்காமல் விடுவதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஸ்டாட்டிக் வரிசைச் சிக்கலை அது நேர்மையாகத் தீர்க்கிறது. ‘ஸ்டில் ரீச்சபிள்’ என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். ஏன் விட்டோம் என்று பக்கத்தில் ஒரு கமெண்ட் மட்டும் வேண்டும்.

பேட்ச் அனுப்பும்போது உரிமையைச் சொல்லும் ஒரு வாக்கியத்தைக் கமிட் செய்தியில் எழுதுங்கள்: ‘அட்டவணையாளர் முனைகளைவிட நீண்ட நாள் வாழ வேண்டும்; உறுப்பு வரிசை அதற்கேற்ப மாற்றப்பட்டது’ என்பதுபோல. பரிசீலிக்கிறவருக்கு அறிக்கையின் முன்னும் பின்னுமான முழு வரிகளைவிட இது பயன்படும். ஏசான் அறிக்கையில் சம்பந்தப்பட்ட ஸ்டாக்குகளை மட்டும் சேருங்கள். சின்னதாக்கிய எடுத்துக்காட்டை ஒரு டெஸ்ட்டாகவே கொடுத்துவிடுங்கள். என்எஸ்-3இன் டெஸ்ட் ஸ்கிரிப்ட்டில் வால்கிரைண்டோடு ஓட்டும் தெரிவு ஏற்கெனவே இருக்கிறது. மற்ற ப்ராஜெக்ட்களில் ஏசான் பில்ட் ஒன்றைத் தானியங்கிச் சோதனையில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். வால்கிரைண்டையே வைப்பதானால் எரர்-எக்ஸிட்கோடு தெரிவை 1 என்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழைகளைக் கண்டுபிடித்த பிறகும் அது நிரலின் சொந்த எக்ஸிட் கோடையே திருப்பும், சோதனையும் பச்சையாகவே இருக்கும்.